இடமிருந்து மூன்றாவது ஆள்

வினாசித்தம்பி ஓவசியர் காலமான செய்தி எனக்கு பஸ்ஸில் வந்தது. வெள்ளிக்கிழமை காலை, கிளிநொச்சியிலிருந்து வரும் பஸ் வவுனியாவில் நின்றதும், முகம் பழகிய கொண்டக்டர் எங்கள் கந்தோர் வாசலுக்கு நடந்து வந்தார். "உங்கட பழைய ஓவசியர் ஐயா செவ்வாய்க்கிழமை மோசம் போயிட்டார். மருமோன் உங்களுக்குச் சொல்லச் சொன்னவர். புதன்கிழமையும் வந்தனான், நீங்கள் இருக்கேல்லை" என்றார். புதன்கிழமை நான் மாங்குளத்தில் ஓர் அளவை வேலையில் நின்றேன். செய்தி என்னிடம் வந்து சேர்வதற்குள் தகனமும் முடிந்து, சாம்பல் அள்ளும் காடாற்றும் முடிந்துவிட்டது. நான் மேசைக்குத் திரும்பி, பாதியில் விட்டிருந்த வாய்க்கால் வரைபடத்துக்கு மை போட்டு முடித்தேன். அவர் இருந்திருந்தால் அதைத்தான் செய்யச் சொல்லியிருப்பார் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்குக் கிளிநொச்சி போனேன். அவருக்கு மனைவி மக்கள் இல்லை. தங்கையின் மகன்தான் எல்லாக் காரியமும் செய்தான். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சடிக்கும் கல்வெட்டுப் புத்தகத்தில் சேர்க்க ஒரு பக்கம் எழுதித் தரும்படி கேட்டான். எழுதிக் கொடுத்தேன். பிறந்த ஊர், பார்த்த உத்தியோகம், நேரந்தவறாமை, மூன்று தங்கைமாரைக் கரைசேர்த்த கதை எல்லாம் அதில் இருக்கின்றன. இது அந்தப் பக்கம் அல்ல. ஐம்பதுகளில் கிளிநொச்சி நீர்ப்பாசனக் கந்தோரில் எங்களோடு வேலை செய்தவர்களுக்காக இதைத் தனியே எழுதுகிறேன். ஓவசியரின் குவாட்டர்ஸ் சுவரில் தொங்கிய அந்தப் பெரிய படத்தை உங்களில் பலர் பார்த்திருக்கிறீர்கள். சிலர் சிரித்தும் இருக்கிறீர்கள். நானும் சிரித்தவன்தான். அந்தப் படத்தால் அவருக்கு என்ன வந்தது, என்ன போனது என்பது என்னைத் தவிர உங்களில் ஒருவருக்கும் தெரியாது.

நான் படவரைஞனாக அங்கே போய்ச் சேர்ந்தபோது எனக்கு நாற்பது வயது. அவர் என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். வடமராட்சிக்காரர், நெடிய, மெலிந்த உருவம். குளக்கட்டு வேலையில் கூலியாட்கள் வெட்டிக் கொட்டிய மண்ணை நாடா பிடித்து அளந்து, எத்தனை கியூப் என்று எழுதுவது அவருடைய வேலை. ஒப்பந்தகாரர்களுக்கு அவரைப் பிடிக்காது. கூலியாட்களுக்கு அவரிடம் பயம். ஆனால் அவர் எழுதிய அளவைத் திருப்பி அளக்கச் சொல்லி யாரும் கேட்டதை நான் அறியேன். "நாடா ஆருக்கும் சொந்தக்காரன் இல்லை" என்பார். அதற்கு மேல் பேசமாட்டார். என் குடும்பம் ஊரில் இருந்தது. அவருக்குக் குடும்பமே இல்லை. அடுத்தடுத்த குவாட்டர்ஸ். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அவருடைய விறாந்தையில் இருந்து ஒரே பேப்பரை இரண்டாகப் பிரித்து வாசிப்போம். அவர் தன் பாதியை முடித்ததும் என்னுடைய பாதிக்குக் கையை நீட்டுவார். ஒரு காலை முழுவதும் எங்களுக்குள் நடக்கும் பேச்சு சிலவேளை அவ்வளவுதான்.

ஒருமுறை கண் பரிசோதனைக்காகக் கொழும்புக்குப் போனார். பல மாதமாக மிச்சம் பிடித்த காசில் ஒரு கைக்கடிகாரமும் வாங்கிவருவதாகச் சொல்லிவிட்டுத்தான் போனார். நான்காம் நாள் ரயிலால் இறங்கியபோது கையில் கடிகாரம் இல்லை. இரண்டு ஒட்டுப்பலகைகளுக்கு நடுவில் எதையோ வைத்து, சணற்கயிற்றால் கட்டி, மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். ரயிலில் வந்த நேரம் முழுவதும் அதை மடியில்தான் வைத்திருந்தாராம். 

"மழைக்கு ஒரு மண்டபத்திலை ஒதுங்கினனான். உள்ளுக்குப் போட்டோக் கண்காட்சி. மலை, கடல், பூ எல்லாம் இருந்துது. கடைசிச் சுவரிலை இது இருந்துது. அதிலையே நிண்டிட்டன்" என்றார்.

படத்தை எடுத்தவர் அங்கேயே இருந்திருக்கிறார். ஒரு முதிய பறங்கிக் கனவான். விலைக்குத் தருவீர்களா என்று ஓவசியர் கேட்டபோது அவர் முதலில் நம்பவில்லையாம். எந்த ஊரில், எந்த வீட்டில் மாட்டப் போகிறீர்கள் என்று கேட்டாராம். கிளிநொச்சி என்றதும் அது எங்கே இருக்கிறது என்று கேட்டாராம். பிறகு படத்தைச் சுவரிலிருந்து இறக்கி, கீழ் ஓரத்தில் பென்சிலால் கையெழுத்து வைத்து, தன் விலாசத்தையும் எழுதிக் கொடுத்து, வெயில் படுகிற சுவரிலும் மழை அடிக்கிற சுவரிலும் மாட்ட வேண்டாம் என்றும், கண்ணாடி படத்தைத் தொடாதபடி நடுவில் தடித்த மட்டை வைத்துச் சட்டம் போட வேண்டும் என்றும் சொல்லி அனுப்பியிருக்கிறார். 

கட்டை அவிழ்த்து எனக்குக் காட்டினார். கறுப்பு வெள்ளைப் படம். நீளம் இரண்டடிக்குச் சற்றுக் குறைவு. ஒரு குளக்கட்டின் சரிவில் ஏழு ஆண்கள் தலையில் மண் கடகங்களோடு மேலே ஏறுகிறார்கள். எல்லோரும் முதுகு காட்டி நிற்கிறார்கள். ஒரு முகம்கூட இல்லை. புழுதி எழும்பி, காலை வெயில் அதற்குள் புகுந்து, அவர்களுடைய கால்கள் நிலத்தில் படாததுபோல் தெரிந்தது. 

"இதுக்கோ கடிகாரத்தை விட்டனீர்?" என்று கேட்டேன். 

"ஓம்" என்றார்.

சட்டம் போட்டுத் தந்த தச்சருக்கும் விளங்கவில்லை. முதிரைப் பலகையை அழகாக இழைத்துவிட்டு, "கீழே விளக்கு வைக்க ஒரு தட்டு அடிக்கவோ?" என்றார். ஓவசியர் வேண்டாம் என்றார். "மாலை போட மேலே ரெண்டு ஆணி?" 

"இதிலை ஒருத்தரும் சாகேல்லை." 

"அப்ப சாமிப் படமோ?" 

"இல்லை." 

தச்சர் படத்தைத் தூக்கி மறுபக்கம் திருப்பிப் பார்த்தார். முகங்கள் பின்பக்கம் இருக்குமோ என்று தேடியிருப்பார் போலும்.

மாட்டுவதற்கு ஒரு சனிக்கிழமை முழுவதும் போனது. நாடாவும் ரசமட்டமும் எடுத்து வந்தார். நான் ஒரு முனையைப் பிடித்தேன். உட்சுவர் ஒன்றைத் தேர்ந்து, எதிரே ஒரு கதிரையைப் போட்டு, அதில் இருந்தபடி தன் கண்ணின் உயரத்தை அளக்கச் சொன்னார். "நிண்டு பாக்கிறவன் போயிடுவான். இருந்து பாக்கிறவனுக்குத்தான் மாட்டவேணும்" என்றார். பின்நேரம் மூன்று மணியானால் மேற்குச் சன்னலைச் சாத்துவார். கிளிநொச்சி வெக்கையில் சன்னலைச் சாத்திவிட்டு வேர்த்து ஒழுக ஒரு மனிதர் இருப்பார் என்றால், அது ஒரு படத்துக்கு வெயில் படக்கூடாது என்பதற்காக. மாரி தொடங்கினால் வாரம் ஒருமுறை படத்தை இறக்கி, சட்டத்தின் பின்பக்கம் பூஞ்சணம் பிடித்திருக்கிறதா, கறையான் ஏறியிருக்கிறதா என்று பார்த்து, உலர்ந்த துணியால் துடைத்து, திரும்ப ரசமட்டம் வைத்து மாட்டுவார்.

அந்தக் காலத்தில் எங்கள் வீடுகளின் சுவர்களில் சாமியும் கலண்டரும் செத்துப்போனவர்களும்தான் இருந்தார்கள். ஆகவே வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "இது ஆற்ர படம்?" ஒருவருடையதும் இல்லை என்றால் அவர்களுக்குப் போதவில்லை. எஞ்சினியர் ஐயா ஒருநாள் வந்து, படத்தின் முன் நின்று, "பகல் முழுக்க மண் கடகத்தோடை நிக்கிறீர், வீட்டை வந்தும் மண் கடகமோ?" என்று சிரித்தார். நாங்களும் சேர்ந்து சிரித்தோம். 

ஓவசியர் சிரிக்கவில்லை. "பகலிலை நான் கடகத்தை எண்ணுறன் ஐயா. ஆளைப் பாக்கிறேல்லை" என்றார். 

எஞ்சினியர் ஐயாவின் சிரிப்பு நின்றுவிட்டது. அதன்பிறகு யாரும் அந்தப் படத்தைப் பற்றி அவரிடம் பகிடி விடவில்லை. ஆனால் பார்க்கவும் வரவில்லை. ஒரு வருடத்துக்கு மேலாக அந்தக் கதிரையில் அவர் மட்டும்தான் இருந்தார்.

பூரணம் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். குடியேற்றத் திட்டத்தில் வாய்க்காலின் கடைசி வயல் அவருடையது. நாற்பது வயதிருக்கும். கணவர் கணபதி இரணைமடுக் குளக்கட்டு வேலையில் கூலியாக நின்று, பிறகு காணி கிடைத்து, இரண்டாம் போகம் வெட்டுமுன் காய்ச்சலில் போனவர். பிள்ளைகள் இல்லை. இவையெல்லாம் நான் பிற்பாடு அறிந்தவை. அன்று அவர் முற்றத்தில் நின்றபடி, "ஐயா, மேல்வயல்காரர் வாய்க்காலை மறிச்சுப் போட்டினம். எனக்குத் தண்ணி வந்து ஒன்பது நாள்" என்றார். குறிப்புப் புத்தகம் எடுக்க ஓவசியர் உள்ளே திரும்பினார். திறந்த கதவு வழியே பூரணத்தின் கண் சுவருக்குப் போனது. அவர் கேட்காமலே விறாந்தையில் ஏறினார். கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இது எங்கட மனிசன்" என்றார்.

ஓவசியர் புத்தகத்தோடு அப்படியே நின்றார். "எது?"

"இந்தா, இடப்பக்கத்திலையிருந்து மூண்டாவது. இடது தோள் ஏறியிருக்கு, பாருங்கோ. சின்னனிலை பனையாலை விழுந்தவர். தலைத்துண்டை வலப்பக்கம்தான் முடியிறவர்."

நான் எழுந்து போய்ப் பார்த்தேன். மூன்றாவது ஆளின் இடது தோள் உண்மையிலேயே உயர்ந்திருந்தது. இத்தனை மாதம் பார்த்தும் எனக்கு அது தெரியவில்லை. ஓவசியருக்குத் தெரிந்திருந்ததோ என்னவோ.

"எங்களிட்டைப் படமெண்டு ஒண்டும் இல்லை ஐயா. கலியாணத்துக்கும் எடுக்கேல்லை" என்றார் பூரணம். "மூஞ்சை இப்ப எனக்கு மறந்து மறந்து போகுது. முதுகு மறக்கேல்லை. விடிய வேலைக்குப் போகேக்கை நான் பாக்கிறது முதுகுதானே."

ஓவசியர் கதிரையை அவர் பக்கம் நகர்த்தினார். பூரணம் இருக்கவில்லை. நின்றபடியே கனநேரம் பார்த்துவிட்டு, தண்ணீர் விஷயத்தை மறந்தபடியே திரும்பிப் போய்விட்டார். அன்று பின்நேரமே ஓவசியர் வாய்க்கால் ஓரமாக நடந்துபோய், மறிப்பை வெட்டுவித்து, கடைசி வயலுக்குத் தண்ணீர் போகும்வரை நின்றார் என்று கேள்விப்பட்டேன்.

அடுத்த ஞாயிறு பூரணம் ஒரு பிடி முருங்கையிலையோடு வந்தார். "ஒருக்காப் பாத்திட்டுப் போறன்" என்றார். அதற்கடுத்த ஞாயிறும் வந்தார். மூன்றாவது ஞாயிறு கதிரையில் இருந்தார். ஓவசியரின் வீட்டில் இருந்தது ஒரு பீங்கான் கோப்பையும் இரண்டு தகரப் பேணியும். கோப்பையில் பூரணத்துக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டு, அவர் பேணியில் குடித்தார். நானும் பேணியில் குடித்தேன். அந்த நாட்களில் உத்தியோகத்தர் வீட்டில் ஒரு கூலியாளின் மனைவிக்குக் கோப்பையில் தேத்தண்ணி கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மாதம் முடியுமுன் ஓவசியர் சந்தையில் இன்னொரு கோப்பை வாங்கினார்.

முதலில் பூரணம் கணவரைப் பற்றி மட்டும் பேசினார். "காட்டிலை யானைக்குப் பயப்பிடமாட்டார். அட்டைக்குப் பயம். ஒரு அட்டை கடிச்சால் ஊரையே கூப்பிடுவார்" என்று ஒருநாள் சொன்னபோது ஓவசியர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன்னர் கேட்டதில்லை. பிறகு பேச்சு வேறு இடங்களுக்கும் போனது: நெல்லுக்கு வந்த பூச்சி, ஓவசியரின் கடைசித் தங்கையின் கடிதம், விசுவமடுவில் இருந்த பூரணத்தின் தமையன். நான் நான்கு வருடமாகக் கேட்கத் துணியாத கேள்வியைப் பூரணம் சுளகில் அரிசி பார்ப்பதுபோல் சாதாரணமாகக் கேட்டார்.

"ஐயா ஏன் கலியாணம் கட்டேல்லை?"

"மூண்டு தங்கச்சிமார். கடைசித் தங்கச்சி கட்டிப் போகேக்கை எனக்கு நாப்பது."

"அதுக்கென்ன? நாப்பது ஒரு வயசோ?"

ஓவசியர் எழுந்துபோய்ச் சன்னலைச் சாத்தினார். அப்போது காலை பத்து மணி. மேற்குச் சன்னலில் வெயிலே இல்லை.

நான் அந்த ஞாயிறுகளில் பேப்பரை முழுதாக நானே வாசிக்கத் தொடங்கினேன். சில நாட்களில் போகாமலும் இருந்தேன். கந்தோரில் ஒரு கதை எழும்பத்தான் செய்தது, பெரிதாக எழும்பவில்லை. படம் பார்க்க வருகிறார் என்பது எல்லோருக்கும் தெரிந்த காரணம். இறந்த கணவரின் படத்தைப் பார்க்க வருபவரை யார் என்ன சொல்வது?

இதற்குள் ஓவசியருக்கு ஒரு யோசனை வந்தது. அந்த மூன்றாவது ஆளை மட்டும் தனியாகப் பெருப்பித்து ஒரு சின்னப் படம் செய்து பூரணத்துக்குக் கொடுக்க வேண்டும். கொழும்புப் பறங்கிக் கனவானுக்குக் கடிதம் எழுதினார். ஆங்கிலத்தில் ஏதும் பிழை இருக்கிறதா என்று என்னிடம் காட்டித்தான் அனுப்பினார். மூன்று வாரத்தில் பதில் வந்தது. கேட்டபடி சின்னப் படமும் உறைக்குள் இருந்தது. அன்றே கந்தோர் முடிந்ததும் என்னிடம் வந்து கடிதத்தை நீட்டினார்.

"நான் சரியாத்தான் வாசிச்சனோ, பாரும்."

கனவான் மிகவும் அன்பாக எழுதியிருந்தார். தன் படம் வடக்கே ஒரு வீட்டில் ஒருவருக்கு ஆறுதலாக இருப்பது மகிழ்ச்சி. ஆனால் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட முடியவில்லை. படம் எடுத்தது தெற்கே, அம்பாந்தோட்டைப் பக்கத்தில் ஒரு குளத்தில். அந்த மூன்றாவது ஆளைத் தனக்கு நன்றாக நினைவிருக்கிறது. படம் எடுத்து முடிந்ததும் வந்து சிகரெட் ஒன்று கேட்டவர். பெயர் பியதாச. அந்த ஊர்க்காரர்.

நான் இரண்டு தரம் வாசித்தேன். "இதைச் சொல்லாதையும்" என்றேன்.

"பொய்யெல்லே?"

"நீர் பொய் சொல்லேல்லை. அவவா வந்து சொன்னவ. அப்பிடியே விடும்."

"நாடாவை வளைச்சுப் பிடிக்கச் சொல்லுறீர்."

"இது மண்ணில்லை, ஓவசியர்."

அவர் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். மூன்று ஞாயிறு அது அவருடைய பையிலேயே இருந்தது. பூரணம் வந்தார், படத்தைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தார். இவர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். தேத்தண்ணியில் சீனி போட மறந்தார். நான்காவது ஞாயிறுக்கு முதல் நாள் என்னிடம் வந்து, "நாளைக்கு நீரும் வாரும். தனியச் சொன்னால் வேறை மாதிரிப் போயிடும்" என்றார்.

அவர் சொன்ன விதம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. சுற்றி வளைக்கவில்லை. அளவு வாசிப்பதுபோல் வாசித்தார். எங்கே எடுத்தது, யார் எடுத்தது, அந்த ஆள் யார். முடிவில் அந்தச் சின்னப் படத்தைப் பூரணத்தின் கையில் கொடுத்தார். பூரணம் அதை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"பேர் என்னெண்டு சொன்னீங்கள்?"

"பியதாச."

"பியதாச" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். "உயிரோடை இருக்கிறாரோ?"

"அது எழுதேல்லை."

"அந்த மனிசனுக்கும் பெண்சாதி இருப்பா. அவவிட்டை இருக்கவேண்டிய படம் இது." சின்னப் படத்தை மேசையில் வைத்தார். தேத்தண்ணியை மிச்சம் விடாமல் குடித்தார். வழக்கம்போலத் தானே கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். "போட்டு வாறன் ஐயா" என்றார்.

பிறகு அவர் வரவில்லை.

அடுத்த ஞாயிறு இரண்டு கோப்பைகளும் மேசையில் இருந்தன. "வயலிலை அருவி வெட்டு நேரம்" என்றார் ஓவசியர். அதற்கடுத்த ஞாயிறு, "மழைக்குணம்" என்றார்.  இரண்டு மாதம் கழிந்து ஒருநாள் புதுக் கோப்பையைத் துடைத்து அலுமாரிக்குள் வைத்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒருக்காப் போய்ப் பாருமன்" என்றேன்.

"நான் போனால் ஊர் அவவைத்தான் சொல்லும்."

ஆனால் வாய்க்காலுக்குப் போவார். கடைசி வயல்வரை தண்ணீர் போகிறதா என்று குளத்து மதகான துருசைத் திறக்கும் நாளெல்லாம் கட்டால் நடந்து பார்த்துவிட்டு, வயலுக்குள் இறங்காமல் திரும்புவார். தண்ணீர் விஷயமாகப் பூரணத்திடமிருந்து பிறகு ஒரு முறைப்பாடும் வரவில்லை. ஒருநாள், நாங்கள் பேப்பரை மறுபடி இரண்டாகப் பிரித்து வாசித்துக்கொண்டிருந்தபோது, தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "அளவு சரிதான், தம்பையா. நான் அளந்திருக்கத் தேவையில்லை."

அடுத்த வருடம் எனக்கு வவுனியாவுக்கு மாற்றம் வந்தது. புறப்படுவதற்கு முன் சந்தைக்குப் போனபோது, கத்தரிக்காய்க் குவியலுக்குப் பின்னால் பூரணம் இருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"ஐயா சுகமா இருக்கிறாரோ? மேற்குச் சன்னலைப் பூட்டுறவரோ இப்பவும்?"

"ஓம், பூட்டுறவர்." நான் சற்றுத் தயங்கிவிட்டுக் கேட்டேன்: "நீங்கள் ஏன் பிறகு வரேல்லை? கோவமோ?"

"கோவமோ? ஐயாவிலையோ?" அவர் ஒரு கத்தரிக்காயை எடுத்துச் சேலைத்தலைப்பால் துடைத்தார். "உண்மையைச் சொன்னவரிலை என்ன கோவம். ஆனா பாருங்கோ, அது எங்கட மனிசன் எண்ட வரைக்கும் நான் போய் வந்தன். இல்லையெண்டு ஆன பிறகு, எதைச் சொல்லிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போறது?"

நான் கத்தரிக்காயை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த வார்த்தையை அன்று பின்நேரமே ஓவசியரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் என்ன நடக்குமோ என்று பயந்தேன். ஒரு உத்தியோகத்தருக்கும் ஒரு குடியேற்றக்காரிக்கும் நடுவில் நான் ஏன் கதை கொண்டுபோக வேண்டும் என்று நினைத்தேன். ஊர் என்ன சொல்லும், சாதி சனம் என்ன சொல்லும், அவருடைய தங்கைமார் என்னை என்ன நினைப்பார்கள் என்றெல்லாம் யோசித்தேன். நல்லதுக்குத்தான் பேசாமல் இருக்கிறேன் என்று முடிவு செய்துகொண்டு ரயில் ஏறினேன்.

ஓய்வு பெற்ற பிறகும் அவர் ஊருக்குப் போகவில்லை. தங்கைமார் கூப்பிட்டார்கள். கிளிநொச்சியிலேயே ஒரு சிறிய வீட்டை வாடகைக்கு எடுத்து, அங்கேயும் நாடாவும் ரசமட்டமும் வைத்து அந்தப் படத்தை உட்சுவரில் மாட்டினார். நான் வருடத்தில் இரண்டு தரமாவது போய்ப் பார்ப்பேன். ஒவ்வொரு முறையும் அந்த வார்த்தை என் நாக்கின் நுனி வரைக்கும் வரும். இவ்வளவு காலம் போய்விட்டது, இனிச் சொல்லி என்ன என்று விழுங்கிவிடுவேன்.

கடைசியாக நான் போனது மூன்று மாதத்துக்கு முன்னர். நெஞ்சு நோவென்று சொன்னார். மெலிந்திருந்தார். சன்னல் சாத்திய அறையில், படத்துக்கு எதிரே இருந்தார். நாங்கள் அதையும் இதையும் பேசினோம். நான் பஸ்ஸுக்கு எழும்பும் நேரம், இந்தப் பத்து வருடத்தில் ஒருநாளும் கேட்காததைக் கேட்டார்.

"பூரணத்தை எப்பவாவது கண்டனீரோ?"

"இல்லை" என்றேன்.

"ம்" என்றார். கதவுவரை வந்து வழியனுப்பினார்.

எட்டுச் செலவன்று அந்த வீட்டுக்குள் நுழைந்தபோது, முதிரைச் சட்டத்துக்குள் ஓவசியரின் முகம் இருந்தது. பழைய கந்தோர்க் குழுப் படம் ஒன்றிலிருந்து பெருப்பித்து எடுத்திருந்தார்கள். மேலே இரண்டு ஆணி அடித்து மாலை போட்டிருந்தது. மருமகனில் குற்றமில்லை, வீட்டில் இருந்த நல்ல சட்டம் அதுதான். பழைய படத்தைச் சுருட்டி அலுமாரிக்கு மேல் வைத்திருந்தான். "இது ஆற்ர படமெண்டு எங்களுக்கு ஒருத்தருக்கும் தெரியேல்லை. உங்களுக்கு வேணுமோ?" என்று கேட்டான். வாங்கிக்கொண்டேன்.

போன ஞாயிறு விசுவமடுவுக்குப் போனேன். பூரணம் இப்போது தமையன் வீட்டில் இருக்கிறார். தலை நன்றாக நரைத்துவிட்டது. செய்தி அவருக்கு எட்டியிருக்கவில்லை. முற்றத்தில் சுளகோடு இருந்தவர், நான் சொன்னதும் கையை நிறுத்தினார்.

"கடைசியிலை ஆர் பக்கத்திலை நிண்டது?"

"ஒருத்தரும் இல்லை. விடியத்தான் கண்டிருக்கினம்."

நான் படத்தை விரித்துக் காட்டினேன். உங்களிடம் இருக்கட்டும் என்றேன். அவர் தொடவில்லை. குனிந்து ஏழு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். "வேண்டாம். கிடுகு வீடு, குசினிப் புகை. ஐயா எவ்வளவு பத்திரமா வைச்சிருந்தவர். இஞ்சை பழுதாப் போயிடும்" என்றார். பிறகு நிலத்தைப் பார்த்தபடி கேட்டார்.

"என்னைப் பற்றி ஏதும் கேட்டவரோ?"

இந்த முறை நான் உண்மையைச் சொன்னேன். "கேட்டவர். உங்களைக் கண்டனானோ எண்டு."

"நீங்கள் என்ன சொன்னியள்?"

"இல்லையெண்டு சொன்னனான்."

பூரணம் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். சுளகை எடுத்து அரிசியில் இருந்த கல்லைத் தேடத் தொடங்கினார். ஒரு கல்லை எடுத்து எறிந்துவிட்டு, என்னிடம் என்று இல்லாமல், "கேட்டவர்தானே" என்றார்.

படத்துக்குப் புதுச் சட்டம் போட்டு, வவுனியாவில் என் வீட்டின் உட்சுவரில் மாட்டியிருக்கிறேன். இருந்து பார்க்கும் கண்ணின் உயரத்தில்தான் மாட்டினேன். நீங்கள் வந்தால் பார்க்கலாம். இடமிருந்து மூன்றாவது ஆள் யார் என்று கேட்டால் அவருடைய பெயரைச் சொல்வேன். ஆனால் ஓவசியருடையது என்று என்னிடம் உண்மையில் இருப்பது அந்தப் படமல்ல. சந்தையில் ஒரு பெண் அவரைச் சுகமா என்று கேட்டார். வரக் காரணம் இல்லாமல் போனதால்தான் வரவில்லை என்றார். அந்த வார்த்தை அவருக்குச் சேர வேண்டியது. பத்து வருடமாக நான் வைத்திருந்தேன், இன்னும் வைத்திருக்கிறேன். கொடுப்பதற்கு ஒரு நிமிடம்கூட எடுத்திருக்காது.